கோணலாக வந்த விமானம்

இல்லவே இல்லை. என் பேத்தி பூமயில் கோணலாகப் போனவள் இல்லை. அவள் ஓட்டிய விமானம்தான் கோணலாக வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியது எதிர்வீட்டுக் கருத்தம்மாள். அதை நான் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"நான் என்ன அயித்தை பொய்யா சொல்லுறேன்? ஊரே பாத்துச்சுல்ல?" என்றாள்.

பார்த்ததுதான். பூமயில் ஓட்டுவது ஆறேழு பேர் உட்காரும் சின்ன விமானம். மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டினாற்போல் ஓடுபாதை தெற்கு வடக்காகக் கிடக்கிறது. ஆடி மாதம் கச்சான் காற்று மேற்கிலிருந்து அதன் விலாவிலேயே அறையும். அந்தக் காற்றில் எப்படித்தான் இறக்குகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"மூக்கை நேரா வச்சா காத்து பாதையை விட்டே தள்ளிரும் அப்பத்தா. காத்துப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டே வரணும். சக்கரம் தரையைத் தொடப்போற நேரம் நேராக்கணும். முந்தினா காத்து ஒதுக்கிரும், பிந்தினா சக்கரம் முறியும்."

அதைக் கேட்ட நாளிலிருந்து, கொடியில் காயும் சேலை படபடத்தாலே மாடியேறி வானத்தைப் பார்ப்பேன்.

அன்றைக்கு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தாள். மொட்டை மாடிகளில் எல்லாரும் நின்று பார்த்தோம். விமானம் ஒருச்சாய்ந்து வந்தது. தரைக்கு வந்துவிட்டது என்று நினைத்தபோது காற்று ஒரு றெக்கையைத் தூக்கியது. மற்றது மண்ணை உரசப் பார்த்தது. மகன் முனீஸ்வரன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் சட்டென்று மேலே ஏற்றிவிட்டாள். சுற்றி வந்து மறுபடி இறக்கப் பார்த்தாள். அப்போதும் முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் இறக்கினாள். நான்கு பேரும் நல்லபடியாக இறங்கினார்கள். அதை யார் பேசினார்கள்?

"முனீஸ்வரன் மக கோணலா வந்தா" என்று கருத்தம்மாள் சந்தையில் சொன்னது, அபிராமத்துக்குப் போய்ச் சேரும்போது "கோணலாப் போயிட்டா" என்று ஆகிவிட்டது. அங்கேதான் அவளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் தாய் போனில் கேட்ட முதல் கேள்வியே, "யாரு கூட?"

"காத்து கூட" என்றேன்.

விளக்கிச் சொன்ன பிறகு அவள் பயம் வேறு மாதிரி ஆனது. "அப்படியாப்பட்ட வேலை வேண்டாம். இனிமே வண்டியில ஏறினா எங்களை மறந்துருங்க."

பூமயில் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தாள். "றெக்கை எந்திரிச்சப்ப செத்தோம்னு நினைச்சேன் அப்பத்தா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். போகாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

லீவு முடிந்த அன்று காலையிலும் அதே கச்சான். சேலை கொடியில் படுக்கையாக நின்றது. பூமயில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அபிராமத்துக்கு என்ன சொல்ல?" என்றான் முனீஸ்வரன்.

"வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லுங்கய்யா."

வாசலில் கருத்தம்மாள். "ஏட்டி, இன்னைக்காச்சும் நேரா வருவியா?"

"மாட்டேன் பெரியம்மா. கோணலாத்தான் வருவேன். தோது இல்லைன்னா இன்னைக்கும் மதுரைதான்."

ஷூவை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். காற்று அவளைக் கிழக்கே தள்ளியது. மேற்கே தோளைச் சாய்த்துக்கொண்டு, தெருவின் நடுவிலேயே போனாள்.