தோற்பதில் கெட்டிக்காரன்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பிரியாணி தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சந்தில், தபரேஸின் கேம் சென்டர் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு டிவி, நான்கு ஜாய்ஸ்டிக், உட்காருவதற்கு நீளமாக ஒரு சோபா. சோபாவுக்கு அசல் தோல் போட்டிருக்கிறான். தோல் பதனிடும் இந்த ஊரில் அது ஒரு பெருமையே இல்லை. ரெக்சின் போட்டிருந்தால்தான் ஏன் என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

தபரேஸுக்கு இப்போது முப்பத்தொரு வயது. கடை போடுவதற்கு முன்னால் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தான். பளபளவென்று இருக்கும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இல்லாத கீறலைக் கண்டுபிடிக்கும் சூப்பர்வைசரிடம் வருஷக்கணக்கில் திட்டு வாங்கியவன். ஒரு நாள் போதும்டாப்பா என்று வெளியே வந்துவிட்டான். ஊர்ப்பயல்களைக் கூட்டி வைத்துப் பொம்மை விளையாடுகிறான், இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று உறவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏனென்றால் அவனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. ஆட வருகிறவனுக்கு ஒரு கேமில் என்னதான் வேண்டும் என்பது பற்றிய சித்தாந்தம். கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். படம் துல்லியமாக இருக்க வேண்டும், புல்லில் பனித்துளி தெரிய வேண்டும் என்பான் ஒருவன். கதை வேண்டும் என்பான் இன்னொருவன். வேலூர் காலேஜில் படிக்கும் கண்ணாடிக்காரன் ஒருவன், கேம் கஷ்டமாக இருக்க வேண்டும், அதில்தான் மரியாதை என்பான். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு தபரேஸ் சிரிப்பான்.

"சும்மா சொல்றாங்க. மனுசனுக்கு ஜெயிக்கணும், அவ்ளோதான். அதுவும் லேசா ஜெயிச்சா பத்தாது. ஐயோ போச்சேன்னு வயித்த கலக்கி, கடைசி நிமிசத்துல ஜெயிக்கணும். அதுலதான் ருசியே."

சொன்னதோடு நிற்காமல் அதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டான். தனியாக வருகிறவர்களோடு ஃபுட்பால் கேம் ஆட அவனே உட்காருவான், அவனே தோற்பான். தோற்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். முதலில் ஒரு கோல் போட்டு எதிராளியைப் பதற வைக்க வேண்டும். பிறகு கோல் கீப்பரை அரை நொடி தாமதமாக நகர்த்த வேண்டும். உள்ளே போக வேண்டிய பந்தைக் கம்பத்தில் அடிக்க வேண்டும், அதுவும் நம்பும்படி. கடைசி நிமிஷத்தில் ஒரு கோலை விட்டுக்கொடுத்துவிட்டு, முகம் மலரக் கை நீட்டி, "செம கோல் பாய்!" என்று குலுக்க வேண்டும். ஷூ கம்பெனி லாஸ்டிங் செக்‌ஷனில் ஆறு நாளும் ஏச்சு வாங்கும் பிரேம்நாத், ஞாயிற்றுக்கிழமை தபரேஸை மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைத் தாண்டுவான். அதைக் கதவோரம் நின்று பார்ப்பதில் தபரேஸுக்கு ஒரு திருப்தி. யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது. அவன் ஆட்டத்தில் சுமார், ஆனால் நல்ல மனுஷன் என்பதுதான் ஊர்ப்பேச்சு.

இந்த நல்ல மனுஷனுக்குப் பேரணாம்பட்டில் பெண் கிடைத்தது. சஹர். பி.காம். படித்தவள். நிக்காஹ் முடிந்து வந்த புதிதில் இருக்கும் இடமே தெரியாமல் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, கடை ஷட்டர் சாயங்காலம் வரை இறங்கியிருந்த நேரத்தில், "எனக்கும் அத கத்துக் குடுங்களேன்" என்றாள்.

தபரேஸ் ஒரு டிவியையும் கேம் பெட்டியையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மஞ்சள் ஜெர்ஸி அழகாக இருக்கிறது என்று அந்த டீமை அவள் எடுத்துக்கொண்டாள். எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தான். கீழே வியாபாரத்துக்கு வைத்திருந்த வித்தையை மாடிக்கும் கொண்டுவந்தான். முதல் ஆட்டத்திலேயே, கடைசி நிமிஷத்தில், இரண்டுக்கு ஒன்று என்று அவளிடம் தோற்றான்.

சஹர் எழுந்து நின்று கத்தினாள். இருக்கும் இடம் தெரியாதவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று அவன் ஆடிப்போனான். அந்தக் குரலுக்காகவே அடுத்த வாரமும் தோற்றான், அதற்கடுத்த வாரமும் தோற்றான். அவள் பேச்சே மாறிவிட்டது. "இன்னா தபரேஸ் சாப், இன்னிக்கி எத்தினி கோல் வேணும்?" என்று காலையிலேயே வம்புக்கு இழுப்பாள். தோற்றவர்தான் டீ போட வேண்டும் என்று சட்டம் போட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீ போட்டுக்கொண்டே, ஊரிலேயே சந்தோஷமான புருஷன் தான்தான் என்று தபரேஸ் நினைத்துக்கொண்டான். அது உண்மையும்கூட.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். பக்ரீத் வந்தது. பேரணாம்பட்டு மாமியார் வீட்டில் உறவெல்லாம் கூடியிருந்தது. சஹரின் தம்பி ஜியாவுல்லா டேனரி ஆபீஸில் வேலை பார்ப்பவன், அவனும் இந்த கேம் பைத்தியம். நடுக்கூடத்தில் பெரிய டிவியில் அவன் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சஹருக்குக் கை துறுதுறுத்தது.

"டேய், எழுந்திரி. உங்க தூலா பாயே என்கிட்ட வாராவாரம் தோக்குறாரு. நீ எம்மாத்திரம்?"

அக்கா புருஷன் என்ற முறையில் தூலா பாயான தபரேஸ், கையிலிருந்த நல்லி எலும்பைத் தட்டில் வைத்தான். "இப்ப இன்னாத்துக்கு? எல்லாரும் சாப்புடட்டும்" என்று இழுத்துப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்? சித்தப்பா பிள்ளைகள், மாமன் மகள்கள், பெரியவர்கள் என்று கூடமே சுற்றி உட்கார்ந்துவிட்டது.

ஒன்பதுக்கு சைபர். ஜியாவுல்லா மரியாதைக்காகக் கடைசியில் கொஞ்சம் நிதானித்தும் ஒன்பது. பந்து நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. "ஆப்பா, உனக்கு பாஸ் பண்ணவே தெரியலயே. யாரு சொல்லிக் குடுத்தது?" என்று அவன் அக்காவைக் கேட்க, கூடம் குலுங்கியது. சஹர் காது வரை சிவந்து, ஜாய்ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி நாலு பேர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தபரேஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையைக் கழுவினானோ இல்லையோ, "இங்க குடு" என்று ஜாய்ஸ்டிக்கை வாங்கினான். கடை வைத்த நாளிலிருந்து பூட்டி வைத்திருந்த ஆட்டம் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டான். மச்சானுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை. ஏழுக்கு சைபர். கூடம் கைதட்டியது, மாமியார் கூடச் சிரித்தாள். மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு தபரேஸ் சஹரைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்பூர் பஸ்ஸில் சஹர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து புர்காவை மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல சஹர். நீ சந்தோசமா இருக்கணும்னுதான்..."

"நான் உங்களோட ஆடுறேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீங்க என்னோட ஆடவே இல்ல. தனியா ஆடிக்கினு இருந்தீங்க. நான் அங்க பொம்மை மாதிரி உக்காந்திருந்திருக்கேன்."

"இனிமே ஒழுங்கா ஆடுறேன்."

"அதையும் நீங்கதான சொல்றீங்க? நீங்க ஜெயிச்சா வேணும்னு ஜெயிக்கிறீங்க. தோத்தா வேணும்னு தோக்குறீங்க. அதுல எனக்கு இன்னா இருக்கு?"

அவனுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் கீழே கடையோடு நின்றுவிட்டது.

ஆட்டம் நின்றது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட மோசமான சங்கடம் ஒன்று வீட்டுக்குள் குடிவந்தது. தால்ச்சா நன்றாக இருக்கிறது என்றால், "சரி சரி" என்பாள். புது சுடிதார் எடுப்பாக இருக்கிறது என்றால், "அப்டியா?" என்று அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பாள், கம்பெனியில் ஷூவைத் திருப்பிப் பார்த்த அந்த சூப்பர்வைசர் மாதிரி. அவன் மனதாரச் சொன்ன வார்த்தைகள்கூட வாசலிலேயே நின்று திரும்பி வந்தன. சொந்த வீட்டில் தன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது தபரேஸை வாட்டியது. மனுஷன் இளைத்தே போனான். பிரேம்நாத் கூட, "இன்னா பாய், ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று விசாரித்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சஹர் தானாகவே வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆடுங்க. நெஜமா ஆடுங்க. பாவம் புண்ணியம் பாக்காதீங்க."

தபரேஸ் ஆடினான். பதினோரு கோல். ஒவ்வொரு கோலுக்கும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ம், அடுத்தது" என்றாள். அடுத்த வாரம் பத்து. அதற்கடுத்த வாரம், பழகிய கை சும்மா இருக்காமல், கோல் கீப்பரை அந்த அரை நொடி தாமதமாக நகர்த்திவிட்டது. பந்து உள்ளே போனது. சஹர் குதிக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "அது எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்றோடு தபரேஸ் தாராளத்தை மறந்தான். மறக்கவேண்டியும் இருந்தது, ஏனென்றால் அவள் நிஜமாகவே கற்றுக்கொண்டு வந்தாள். அவன் கீழே கடையில் இருக்கும்போது இவள் மேலே கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகினாள். பாஸ் செய்தாள். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவனை ஓட விட்டாள். பத்து எட்டாயிற்று, எட்டு ஆறாயிற்று. அவள் சந்தோஷமாக இருக்கிறாளா, வருத்தமாக இருக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்க்க அவனுக்கு இப்போது நேரமில்லை. கண்ணை எடுத்தால் பந்து போய்விடும். உள்ளங்கை வியர்த்தது. இப்படி வியர்த்து ஆடி எத்தனை வருஷமாயிற்று என்பதைக்கூட நினைக்க முடியாதபடி ஆடினான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்துக்கு சைபர் என்று முன்னால் இருந்தான். ஆறாவது கோலுக்குப் பேராசைப்பட்டுத் தன் ஆட்களையெல்லாம் முன்னால் அனுப்பினான். சஹர் பந்தைப் பறித்தாள். நீளமாக ஒரு பாஸ். மஞ்சள் ஜெர்ஸி ஒன்று தன்னந்தனியாக ஓடியது. தபரேஸ் கீப்பரை வெளியே இழுத்தான். அவள் அடிப்பது போலப் பாவனை காட்டி, ஒரு நொடி பொறுத்து, ஓரமாகத் தட்டினாள். பந்து கம்பத்தில் பட்டு, யோசித்து, மெதுவாக உள்ளே உருண்டது.

"ஆஃப்சைடு!"

கத்தியது தபரேஸ். துள்ளி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தான்.

"ஆஃப்சைடு அது! இங்க பாரு, கால் எங்க இருக்குது பாரு! ரீப்ளே போடு!"

சஹர் ரீப்ளே போட்டாள். ஆஃப்சைடு இல்லை.

"கேம்ல கோளாறு. இந்த ஜாய்ஸ்டிக்கு பட்டன் வேற ஒட்டிக்குது. நான் அமுக்குனேன், அவன் போவல! என் டிஃபென்டர் எங்க போனான்? அவன மொதல்ல மாத்தணும்! இன்னொரு தடவ போடு ரீப்ளே!"

முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கோலைப் பார்த்தும் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தும் மாறி மாறித் திட்டினான். ஊரெல்லாம் சிரித்த முகத்தோடு தோற்றுக் கைகுலுக்கியவன் இவன்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கீழே ஷட்டரை யாரோ தட்டினார்கள். "கொஞ்சம் நில்லுங்க பாய், அவசரமா வேல இருக்குது!" என்று ஜன்னல் வழியாக எரிந்து விழுந்துவிட்டு, மறுபடியும் டிவி முன்னால் வந்து நின்றான்.

சஹர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, நெஜமாவே கோல் போட்டுட்டேனா?"

"அது கோலே இல்லன்றேன்!" என்று தபரேஸ் கத்தினான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன எந்தப் பாராட்டும் அவள் மனதை இப்படிக் குளிர வைத்ததில்லை.