சக்கரத்துக்கு ஒரு கல்

சேலத்துக்கு வெளியே, பழைய ராணுவ விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் காட்சியகத்தில்தான் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். நரைத்த மீசை, அளவு பெரிதான காக்கிச் சட்டை. ஒவ்வொரு விமானமாகப் போய் டயரைத் தடியால் தட்டி ஓசை கேட்பார். பிறகு சக்கரத்தடியில் கிடக்கும் கல்லைக் காலால் நெருக்கி வைப்பார்.

"ஏனுங்க, எஞ்சினே இல்லாத பிளேன் எங்கங்க ஓடிடப் போகுது?" என்று சிரித்தேன்.

"இருவது வருசம் லாரி ஓட்டுனனுங்க. கல்லுப் போடாம வண்டிய உட்டுட்டுப் போனதில்லீங்க" என்றார், சிரிக்காமல்.

மதியம் திடீரென்று கோடைமழை பிடித்துக்கொண்டது. என் மகள் ஓடிப்போய் ஒரு சிறிய பயிற்சி விமானத்தின் இறக்கைக்கடியில், சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். சுழன்றடித்த காற்றில் விமானம் அசைந்து அவள் பக்கமாக உருளப் பார்த்தது. நான் கத்தினேன். சக்கரம் கல்லின்மேல் பாதி ஏறி, மறுபடி இறங்கி நின்றது.

ஓடிப்போய் மகளை வாரியெடுத்தேன். நனைந்தபடி ஓடிவந்த அவர் கல்லை மறுபடியும் நெருக்கிவிட்டு, விமானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பறந்து பழகுன வண்டிங்க சாமி. நில்லுன்னாக் கேக்குமா?"

அதைத் திட்டினாரா, மெச்சினாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.