கேட்டில் நின்ற முகூர்த்தம்

ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மையீர், வணக்கம். சேலம் நகரினூடே அமையவிருக்கும் இரயில் பாதைக்கு மூன்று வரைபடங்களை வைத்து, நேற்று மண்டபத்தில் மக்களின் விருப்பத்தைக் கையுயர்த்தச் சொல்லிக் கேட்டனர். தரையில் இரயில்வே கேட்டுடன் ஒன்று, தூண்களின் மேல் ஒன்று, சுரங்கத்தில் ஒன்று. முதற்படத்திலிருந்த சிவப்பு வெள்ளைக் கேட்டைக் கண்டதும் பழைய நாளொன்று நினைவுக்கு வந்தது.

என் அக்காளின் திருமணத்தன்று, எங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த கேட்டு மூடப்பட்டு, சரக்கு இரயில் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அப்பால்; மணக்கோலத்தில் அக்காள் இப்பால்; முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. கரிப்புகையும் மல்லிகையும் கலந்து மணத்தன.

"ஏனுங்க சம்பந்தி, ரயிலையும் சீர்வரிசையில வெச்சிருக்கீங்களா?" என்று கூவினார் மாப்பிள்ளையின் அத்தை.

"ஆமாங்க, ஓட்டறதுக்குத்தான் ஆளு வரலைங்க!" என்றார் அப்பா, வியர்வையைத் துடைத்தபடி.

இரயில் நகர்ந்தது. கேட்டு உயரும் முன்பே மேளம் முழங்கிற்று, முகூர்த்தம் தப்பவில்லை.

நேற்று உடன் வந்த அக்காளிடம், "தூண் மேல போறதுக்கே கையத் தூக்கலாங்க அக்கா. இனி எந்தக் கண்ணாலமும் கேட்டுல நிக்காது" என்றேன்.

"தூக்கலாம் சாமி. ஆனா அன்னிக்கு ரெண்டு ரயில் பெட்டிக்கு நடுவுலதான் உங்க மாமனை மொதமொதல்ல பார்த்தேன்" என்று நாணிச் சிரித்தவர், தூண் பாதைக்கு எனக்கு முன்பே கையை உயர்த்தினார்.

இக்குறிப்பையும் அவ்வரைபடங்களோடு வைத்துக் காக்க வேண்டுகிறேன்.