இமயத்தை விஞ்சிய எங்கள் மலை

கல்லூரிப் பேச்சுமேடைக்காகக் காகிதக் கூழில் சிலை செய்துகொண்டிருந்தார்கள். ஊறிய காகிதமும் அரைத்த வெந்தயமும் கலந்த அவ்வாசம், எழுபதுகளில் ஜவ்வாது மலையில் நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு என்னை இட்டுச் சென்றது.

வரலாறும் புவியியலும் கற்பித்த மேரி டீச்சர், ஒடுகத்தூர் ஆசிரியர் பயிற்சி முகாமில் இந்தக் காகிதக்கூழ் வித்தையைக் கற்றுவந்தார். பலகையில் இந்தியாவை அவர் வரைந்தார். மலைகளை நாங்கள் அப்பினோம். தேர்வானால் அது மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். கூழ் காயுமுன்பே, தேர்வு செய்யும் பள்ளி ஆய்வாளர் வந்துவிட்டார். பேருந்து வராததால் மலையை நடந்தே ஏறியிருந்தார்.

“இன்னாம்மா இது? இமயமலைய வுட உங்க மலை ஒசரமா கீது?”

டீச்சரின் முகம் வாடியது. நான் எழுந்தேன்.

“நடந்துதானே வந்தீங்க சார்? ஒசரம் இல்லன்னா இன்னாத்துக்குங்க இப்டி மூச்சு வாங்குது?”

வகுப்பே கைதட்டியது. ஆய்வாளரும் தட்டினார்.

“நல்லாத்தான் பேசுற. ஆனா அளவு அளவுதான். சரி பண்ணாதான் கண்காட்சி.”

கைதட்டல் வேறு, வெற்றி வேறு என்று அன்றே அறிந்தேன். டீச்சர் கத்தியை என்னிடம் நீட்டினார். எங்கள் மலையை நானே சீவினேன். சீவிய ஈரக்கூழை எறிய மனமில்லை. வடக்கே கொண்டுபோய் இமயத்தின் உச்சியில் அப்பினேன்.