பச்சைத் தூளிக்கு முடிச்சுப் போடவில்லை

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போன ஐப்பசியில், கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், எலக்ட்ரீஷியன் இசக்கிமுத்துவுக்கு நடந்தது இது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் எப்போதோ சூப்பர்வைசர் ஆகியிருப்பான்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் சென்சார் விளக்கு மாட்டியிருந்தார்கள். ஆள் அசைந்தால் எரியும். இல்லாவிட்டால் அணைந்துவிடும். தூளி ஆடினாலே எரிந்து பிள்ளைகளை எழுப்பிவிடுகிறது என்று ஆயா பாலாமணி புலம்பினார். இசக்கிமுத்து உடனே கிளம்பினான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த அவன் மகளும் அங்கேதான் தூங்குவாள்.

மாலை நாலு மணி. வெளியே மூடுபனி, உள்ளே பாதி இருட்டு. பாலாமணியைக் காணோம். பிள்ளையைத் தூக்கியதும் தூளியை முடிச்சுப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். வெறுந்தூளி தொங்கக் கூடாது. மற்ற தூளிகளெல்லாம் முடிச்சோடு இருந்தன. மகளின் பச்சைத் தூளி மட்டும் கனத்துத் தொங்கியது. பிள்ளையைத் தனியாக விட்டுப் போய்விட்டாரே என்று அவனுக்குக் கோபம் வந்தது.

ஸ்டூலில் ஏறிச் சென்சாரைத் திருகினான். எரியும் நேரம் பத்து விநாடி. எட்டும் தூரம், வாசல் வரை மட்டும். தூளிகள் பக்கம் என்ன ஆடினாலும் இனி எரியாது. இறங்கி அசையாமல் நின்றான்.

விளக்கு அணைந்தது.

டிக்.

எரிந்தது. பச்சைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது...

மறுபடி அணைந்தது. மறுபடி டிக்.

தூளிக்குள் சிணுங்கல் கேட்டது. ஓடினான். அதற்குள் இருட்டு. துணிக்குள் விரலை விட்டான். சூடான சின்ன வாய் அதைப் பற்றிச் சப்பியது.

“அம்மா வந்துருவா சாமி...”

விரலை இழுத்தான்.

வரவில்லை.

இன்னொரு கையை வீசினான். விளக்கு எரியவில்லை. தான் வைத்த தூரம் இங்கே எட்டாது என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இவ்வளவு நேரம் எரிந்தது எதைப் பார்த்து...?

பாப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. பக்கத்திலேயே நின்றும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுதான்.

டிக்.

வாசலில் பாலாமணி. பின்னால் அவன் மனைவி சுகுணா. விரல் விடுபட்டது.

“சுகுணா, பாப்பாவப் பாரு! என்னமோ ஆயிருச்சு!”

“ஏனுங்க, கத்தாதீங்க. இப்பத்தான் தூங்குனா.”

சுகுணா சால்வையை விலக்கினாள். மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மூணு மணிக்கே பால் குடுக்கத் தூக்கிட்டுப் போயிட்டனுங்க. அவசரத்துல முடிச்சுப் போட மறந்துட்டேன்” என்றார் பாலாமணி.

தூளியை விரித்துப் பார்த்தார்.

“உள்ள ஒண்ணுமில்லீங்க.”

முடிச்சுப் போடத் துணியைச் சேர்த்துத் தூக்கினார்.

தூக்க முடியவில்லை.