நீந்தத் தெரிந்தவன்

அத்தா சவூதியிலிருந்து இரண்டாவது முறை லீவில் நன்னிலத்துக்கு வந்தபோது, போன தடவை கொண்டுவந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தார். முதல் கட்டம் முடிவதற்குள் பெரியத்தா வீட்டு அண்ணன்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: டூப்ளிகேட்.

"முதல் பாகத்துல தண்ணியில விழுந்தா ஹீரோ செத்துப்போவான். இதுல நீந்துறான் பாருங்க. குதிக்கிறதும் வேற மாதிரி. எவனோ உங்கள ஏமாத்திட்டான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆற்றில் நீந்தியே வளர்ந்த தடியன்களுக்கு, இன்னொருத்தன் நீந்தினால் சந்தேகம்! ஆனால் எனக்கும் அவனைப் பிடிக்கவில்லை. அதே சட்டைதான், அதே ஓட்டம்தான், ஆனாலும் யாரோ மாதிரி இருந்தான்.

முன்பெல்லாம் யாராவது இப்படிச் சொன்னால் அத்தா போடும் சத்தத்தில் வீடே அதிரும். இப்போது சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் தேய்க்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஆண்கள் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோகிறவர்கள். அம்மா பதறி ஓடித் தட்டைப் பிடுங்கினாள். அவள் முகம் கறுத்துவிட்டது.

"யாரு உங்களுக்கு இதெல்லாம் பழக்கிவிட்டது?"

அண்ணன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தா ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"அங்க யாரு இருக்கா, பழக்கிவிட?"