திரேசம்மா அக்காவின் பாகற்பந்தல்

திரேசம்மா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதத்து வெயில். இரண்டு பாத்திகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஒன்று என்னுடையது, மற்றது அக்காவுடையது. அழுதபடியே போய் இரண்டுக்கும் விட்டேன்.

இங்கே கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நம் கோயிலுக்கு வருகிற உங்களில் அக்காவின் பாகற்காயைச் சாப்பிடாதவர்கள் இருக்க மாட்டார்கள். நகரசபையின் பொதுத் தோட்டத்தில் அவருடைய பாத்திக்கு அடுத்தது என்னுடையது. ஆண்டவர் எனக்கு வைத்த சோதனை என்றே அதை நினைத்திருந்தேன். யுத்தம் நின்ற சமாதான காலத்தில் ஊருக்குப் போய்க் கொண்டுவந்த விதையில் பாதியை எனக்குத் தந்தார். ஒரே விதை, ஒரே மண், ஒரே குழாய்த் தண்ணீர். அவருடைய பந்தலில் காய் தொங்கும், என்னுடையதில் இலை செழிக்கும். எனக்கு வயிறு எரியும். மறைத்துப் பயனில்லை, உங்களில் பாதிப்பேருக்கு அது தெரியும்.

ஜூலையில் அக்கா வேலைக்குப் போகுமுன்பே தோட்டத்துக்கு வந்துவிடுவார். பாகலின் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவார். தக்காளியின் இடுக்கில் முளைத்த கிளைகளைக் கிள்ளுவார். உள்ளிப்பூண்டு கிண்டி எடுத்த இடத்தில் அன்றைக்கே முள்ளங்கி விதைப்பார். மாதக் கடைசியில் பாகற்கொடிகளின் நுனிகளையெல்லாம் ஒடித்து எறிவார். படர்கிற கொடியில் கைவைக்க நம் ஆட்களில் யாருக்கு மனம் வரும்?

"பாவமெல்லோ அக்கா, நல்லாப் படருது" என்று ஒரு வருடம் சொன்னேன்.

"படர்ந்து எங்கை போறது? செப்டம்பர் முடிய உறைபனி வந்திடும். இஞ்சை கொடிக்கு ஆசைப்பட்டால் காய் இல்லை."

அவர் சொன்னார் என்பதற்காகவே நான் ஒடிக்கவில்லை. அந்த வருடமும் என் கொடிகள் பூத்தபடியே பனியில் கருகின.

என் பாத்தியைப் பார்த்து அவர் சொல்வது ஒன்றுதான்: "உன்ரை இலை நல்ல வடிவு." அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்காது. காய் நல்லது என்று அவர் வாயால் ஒருமுறை கேட்டால் போதும் என்று வீட்டில் புலம்புவேன்.

இந்த வருடம் ஜூன் கடைசியில் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். புல் மண்டிய பாத்தியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது தோட்டத்தின் விதி. பொறுப்பாக இருந்த கியூபெக் பெண்மணி வந்து, மதாம் திரேஸ் இனி வரமாட்டாரா என்று பிரெஞ்சில் கேட்டார். வருவார், அதுவரை நான் பார்க்கிறேன் என்று தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அந்தப் பாத்தி கைமாறியிருந்தால் எனக்குப் போட்டியே இருந்திராது என்று உறைத்தது. புல் பிடுங்கினேன், வைக்கோல் பரப்பினேன், பூவில் பூவைத் தடவினேன். ஜூலை முடிவில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவருடைய கொடிகளின் நுனிகளை ஒடித்தேன். அந்தக் கையோடு என்னுடையவற்றையும் ஒடித்தேன்.

இரண்டு பந்தலும் காய்த்தன. முதலில் திரண்டது என்னுடையது. துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இது நான் காய்க்க வைத்தது என்று எப்படிச் சொல்வது என்பதையே பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன்.

அக்கா அதை வாங்கி நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"நல்ல காய். இப்பிடி ஒண்டை நான் இஞ்சை காணேல்லை. என்ரை பந்தலிலையோ?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் அக்கா, உங்கடைதான்."

"பார்த்தியே, நான் இல்லாமலும் காய்ச்சிருக்கு" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் தூக்கிக் காட்டினார்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் அந்தப் பந்தல்களின் பாகற்காய்க் கறி சாப்பிட்டபோது நீங்களும் "அவவின்ரை கைராசி" என்றீர்கள். நானும் தலையாட்டினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது "நல்ல காய்" என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும்தான். அவற்றையும் தன் பந்தலுக்குக் கிடைத்த பாராட்டாகவே அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காய் என்னுடையது, அக்கா.